நோ குறைந்தால் நம்பலாமா?

கேள்வி: தகப்பனாருக்கு 61 வயது. முழங்கால் நோவுக்கு பார்மசியில் டைக்குளோபினாக் குளிசை வாங்கி மாதக்கணக்காகப் போட்டவர். ஒருநாள் இரவு பத்து மணிக்குத் திடீரென வயிற்றுக்குத்து. சோடாவும் ஓமத்தண்ணீரும் கொடுத்தோம். விடியப்புறம் நோ குறைந்ததால் இருந்துவிட்டோம். மத்தியானம் ஆஸ்பத்திரியில் அல்சர் ஓட்டையாகிவிட்டது என்று ஒப்பரேசன் செய்தார்கள். நோ குறைந்தது எப்படி? இனி முழங்காலுக்கு என்ன செய்வது?
- வாசகி, கொடிகாமம்

பதில்: ஏமாற்றியது அந்த விடியப்புறம்தான். ஓட்டை விழுந்தவுடன் இரைப்பை அமிலம் வயிற்றறைக்குள் கொட்டும்; கத்தியால் குத்தியது போன்ற நோ அதனால்தான். சில மணிநேரத்தில் உடலே அங்கு நீரைச் சுரந்து அமிலத்தை ஐதாக்குவதால் நோ சற்றுத் தணியும். ஓட்டை அப்படியேதான் இருக்கும். ஏறக்குறைய 12 மணிநேரத்துக்குப் பிறகு கிருமி பெருகி, வயிறு ஊதி, பிரஷர் விழத் தொடங்கும். தாமதிக்கும் ஒவ்வொரு மணிநேரமும் உயிராபத்தைக் கூட்டும்.

வயிறு பலகைபோல் இறுகி, ஆள் அசையப் பயந்து முழங்காலை மடக்கிக் கிடந்தால், சில வேளை தோள்மூட்டிலும் நோ இருந்தால், சோடா, ஓமத்தண்ணீர், நோக்குளிசை எதுவும் வேண்டாம். வாயில் ஒன்றும் கொடாமல் இலங்கையின் 1990 அம்புலன்ஸ் இலக்கத்தை அழையுங்கள். நோ தொடங்கிய நேரத்தையும் போட்ட குளிசை அட்டைகளையும் கொண்டுபோங்கள். வயதானவர்களுக்கும் ஸ்டெரொயிட் எடுப்பவர்களுக்கும் வயிறு அவ்வளவு இறுகாமலும் இருக்கலாம். நிமிர்த்தி இருத்தி எடுக்கும் நெஞ்சு எக்ஸ்றேயில், நெஞ்சையும் வயிற்றையும் பிரிக்கும் தசையான உதரவிதானத்துக்குக் கீழே பிறைபோல் காற்றுத் தெரியும். தெரியாவிட்டாலும் ஓட்டை இல்லை என்று சொல்லமுடியாது; அப்போது சீரீ ஸ்கான் தேவைப்படும்.

ஒப்பரேசனில் பொதுவாக ஓட்டையின்மேல் வயிற்றுக் கொழுப்புத்திரையை வைத்துத் தைப்பார்கள். கனடாவின் சத்திரசிகிச்சை நிபுணர் ரொஸ்கோ கிரகாம் 1937 இல் விபரித்த முறை இது. வீடு வந்தபின் காய்ச்சலோடு ஓயாத விக்கல், தோள் நோ வந்தால் உதரவிதானத்தின் கீழ் சீழ் கட்டியிருக்கலாம். சளியோடு அடிக்கடி மலம் போனால் இடுப்புக்குழியில். இரண்டுக்கும் அன்றே திரும்பிப் போகவேண்டும்.

தையல் ஓட்டையைத்தான் அடைத்தது, காரணத்தை அல்ல. எச். பைலோரி கிருமிக்குப் பரிசோதனை செய்வியுங்கள்; இருந்தால் வழமையாக 14 நாள் மருந்து, முடிந்து 4 வாரமாவது கழித்து மறுபரிசோதனை. புண் இரைப்பையில் என்றால், புற்றுநோய் இல்லையென உறுதிப்படுத்த 6 முதல் 8 வாரத்தில் எண்டோஸ்கோப்பி (வாய்வழியாகக் கமராக் குழாய் விட்டுப் பார்ப்பது) கட்டாயம். சுருட்டுப் பழக்கம் இருந்தால் அதையும் விடவேண்டும்.

முழங்காலுக்குப் பரசிற்றமோல்: 500 மில்லிகிராம் குளிசை ஒருமுறைக்கு இரண்டு, நாளுக்கு எட்டுக்கு மேல் வேண்டாம், ஈரல் வருத்தமோ உடல் மெலிவோ இருந்தால் இன்னும் குறைவு, வைத்தியரைக் கேளுங்கள். டைக்குளோபினாக், புரூபன், நப்ரொக்சென் வேண்டாம். ஊசியாகவோ மலவாசல் மருந்தாகவோ போட்டால் வயிற்றுக்குத் தீங்கில்லை என்பது பிழை. அவை இரத்தத்தினூடாகவே இரைப்பையின் காப்புப்படையைக் கெடுக்கின்றன. மேலே பூசும் ஜெல்லுக்கு அந்த ஆபத்து மிகக் குறைவு. இருதயத்துக்கு அஸ்பிரின் எடுப்பவரானால் தானாக நிறுத்தக்கூடாது. கிளினிக்கில் கேட்டே முடிவெடுங்கள்.