ஊசி போட்ட மாட்டின் பால் ஏன் உறையவில்லை? பண்ணைக் கிருமிகள் பற்றிய கேள்வி-பதில்

கோழிக்கறி, பால், எரு என்று எதைப் பற்றிக் கேட்டாலும் இந்த முறை எல்லோருக்கும் ஒரே பயம், ஆன்டிபயாடிக். அதில் இரண்டு விஷயம் கலந்து கிடக்கிறது. பாலிலும் கறியிலும் தங்கிவிடும் மருந்து ஒன்று, அந்த மருந்துக்கு அசையாமல் பிழைத்து நிற்கும் கிருமி இன்னொன்று. இரண்டையும் பிரித்துப் பார்த்தால் பாதிக் குழப்பம் தீர்ந்துவிடும்.

கேள்வி: மடிநோய்க்கு மாட்டுக்கு ஊசி போட்டோம். பாலை சொசைட்டிக்கு ஊற்றாமல் கன்றுக்கு விட்டுவிட்டோம். வீட்டுக்கு எடுத்த கொஞ்சம் பாலும் தயிராக உறையவில்லை, ஏன்?

உறை மோரில் இருப்பதும் பாக்டீரியாதான், பாலில் இறங்கிய மருந்து அதைக் கொன்றுவிட்டது. காய்ச்சினால் கிருமி சாகும், ஆனால் பென்சிலின் வகை மருந்து பெரிதாக அழியாது, அதனால் அந்தப் பாலை நீங்களும் குடிக்கக் கூடாது. சொசைட்டிக்கு ஊற்றாதது சரி. கன்றுக்கு விட்டதுதான் தப்பு. கொஞ்சம் கொஞ்சமாக மருந்து கன்றின் குடலுக்குள் போனால் அங்கே பலவீனமான கிருமி செத்து, மருந்துக்கு மசியாதது மட்டும் பெருகி, சாணத்தோடு கொட்டில் முழுக்கப் பரவும். குழி வெட்டி ஊற்றிவிடுங்கள், மனசு கேட்காது, தெரியும்.

எத்தனை நாள் பாலை இப்படி ஒதுக்க வேண்டும் என்பது மருந்து லேபிளில் இருக்கும். தனியாகச் சோதித்த காலக்கெடு இல்லாத மருந்துக்கு பால், முட்டை என்றால் குறைந்தது 7 நாள், இறைச்சி என்றால் 28 நாள் என்று இந்திய மருந்து விதிகளே சொல்கின்றன. அடுத்த முறை ஊசிக்கு முன்பே கொஞ்சம் பாலைச் சுத்தமான பாட்டிலில் பிடித்து, எந்த மருந்துக்கு அந்தக் கிருமி கேட்கும் என்று பரிசோதனைக்குக் கொடுங்கள். வீக்கம் வடிந்ததும் இரண்டாம் நாளே ஊசியை நிறுத்துவது, கடைக்காரர் கொடுத்ததைப் போடுவது, இந்த இரண்டையும் விட்டாலே பெரிய விஷயம். ஆரம்ப நிலையில் கற்றாழை 250 கிராம், மஞ்சள் தூள் 50 கிராம், சுண்ணாம்பு 15 கிராம் அரைத்து மடியில் நாளுக்குப் பல தடவை பூசும் முறையைத் தேசிய பால்வள வாரியமும் பரப்புகிறது. செய்து பாருங்கள், ஆனால் மாடு தீனி எடுக்காமல் காய்ச்சலோடு நின்றால் டாக்டரைக் கூப்பிட்டே ஆக வேண்டும்.

கேள்வி: பிராய்லர் வளர்க்கிறோம். குஞ்சு இறக்கிய அன்றே தண்ணீரில் மருந்து கலக்கச் சொல்கிறார்கள். கொலிஸ்டின் கலக்கலாமா?

கூடவே கூடாது. உணவுக்காக வளர்க்கும் கால்நடை, கோழி, மீன் எதற்கும் அது கூடாது என்று 2019 ஜூலையில் மத்திய அரசு தடை போட்டது. ஐ.சி.யூ.வில் வேறெதுவும் கேட்காத நோயாளிக்குக் கடைசியாக எடுக்கும் மருந்து அது. 2015 இறுதியில் சீனாவில் பன்றிகளிடமும் கடை இறைச்சியிலும் நோயாளிகளிடமும் எம்.சி.ஆர்-1 என்ற மரபணு இருப்பது வெளிவந்தது. கொலிஸ்டினை முறிக்கும் அந்த மரபணுவை ஈ.கோலை என்ற குடல் பாக்டீரியா பக்கத்தில் இருக்கும் இன்னொரு கிருமிக்கே கைமாற்றிவிடும், அதுதான் உலகத்தையே உலுக்கியது. பாக்கெட்டில் சேர்மானத்தைப் படியுங்கள், சூப்பர்வைசர் கொடுத்தாலும் படியுங்கள். மற்ற மருந்தையும் நோயே இல்லாமல் முதல் நாளிலிருந்து கலப்பதை நான் ஏற்க மாட்டேன். ஷெட்டுக்குள் முழங்கால் போட்டுக் குஞ்சின் உயரத்துக்குக் குனிந்து பாருங்கள். கண் எரிந்தால் தரையில் பரப்பிய உமி (லிட்டர்) ஈரமாக இருக்கிறது, அம்மோனியா ஏறியிருக்கிறது. அதற்கு மருந்து எதற்கு? திரையை ஏற்றிக் காற்று விடுங்கள், ஒழுகும் தண்ணீர் நிப்பிளை மாற்றுங்கள்.

கேள்வி: பண்ணையில் வேலை செய்பவர்களுக்கும் மருந்துக்கு மசியாத அந்தக் கிருமி ஒட்டுமா?

ஒட்டும். 1976ல் அமெரிக்க மருத்துவ ஆய்வாளர் ஸ்டூவர்ட் லெவியின் குழு வெளியிட்ட ஆய்வு இதற்குப் பழைய சாட்சி. பாஸ்டன் பக்கத்துப் பண்ணை ஒன்றில் சுமார் 300 கோழிகளில் பாதிக்கு டெட்ராசைக்ளின் வகை மருந்து கலந்த தீவனம் கொடுத்தார்கள். ஒரு வாரத்துக்குள் அந்தக் கோழிகளின் குடலில் மருந்துக்கு மசியாத எதிர்ப்புக் கிருமிகள் நிறைந்துவிட்டன, ஐந்தாறு மாதத்தில் பண்ணை வீட்டாரின் குடலிலும் அவை கூடிவிட்டன. மருந்துத் தீவனத்தை நிறுத்திய சில மாதங்களில் அவர்களில் பெரும்பாலானோரிடம் குறைந்தும் போயின. ஆக, உடம்பில் கிருமி இருப்பதாலேயே நோய் என்று இல்லை, பயப்படாதீர்கள். ஆனால் ஆபரேஷனுக்கோ ஆறாத புண்ணுக்கோ ஆஸ்பத்திரி போனால், பண்ணையில் வேலை என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள். நெதர்லாந்தில் பன்றிப் பண்ணைக்காரர்கள் அட்மிட் ஆனால் எம்.ஆர்.எஸ்.ஏ. என்ற, பல மருந்துக்கு மசியாத பாக்டீரியா இருக்கிறதா என்று சோதிப்பார்கள். ஷெட்டுச் செருப்பு ஷெட்டோடு, சோப்புப் போட்டுக் கை கழுவிவிட்டுத்தான் சாப்பாடு.

கேள்வி: கோழி எருவை அப்படியே காய்கறித் தோட்டத்தில் போடலாமா?

பச்சையாக வேண்டாம். குவித்து, ஈரம் பார்த்து, நடுக்குவியல் கை வைக்க முடியாத சூடு வரும்வரை விட்டு, புரட்டிப் புரட்டி மக்க வையுங்கள். எதிர்ப்புக் கிருமி நிறையக் குறையும், அடியோடு போகாது. கீரை, வெள்ளரி மாதிரி பச்சையாகச் சாப்பிடுவதற்கு மக்கியதையும் விதைப்புக்கு வெகு முன்பே மண்ணில் கலந்துவிடுங்கள்.

கேள்வி: சிக்கனை எவ்வளவு நேரம் வேக வைத்தால் இந்தக் கிருமி சாகும்?

சாதாரணக் கிருமி சாகும் அதே சூட்டில் இதுவும் சாகும், மருந்துக்கு மசியாதது நெருப்புக்கு மசியும். எலும்போரம் சிவப்பு இல்லாமல் வெந்தால் போதும். ஆபத்து அடுப்பில் இல்லை, சிங்க்கில்தான். கறியைக் குழாயடியில் அலசும்போது தெறிக்கும் தண்ணீர் பக்கத்தில் வைத்த தக்காளி, கொத்தமல்லி மேல் விழும். கறி வெட்டிய கத்தியைக் கழுவாமல் வெங்காயம் அரியாதீர்கள்.

கேள்வி: நாட்டுக்கோழி என்றால் கவலை இல்லைதானே?

யார் வளர்த்தார்கள், என்ன மருந்து கொடுத்தார்கள் என்று கேளுங்கள். கூண்டில் ஆயிரக்கணக்கில் வளரும் நாட்டுக்கோழிக்கும் இதே மருந்துப் பாக்கெட் போகலாம்.