‘எடிட்டிங் லேக்’ என்று எழுதுவதற்கு முன்

அன்புள்ள சார்,

புதுப்படம் வந்தால் முதல் நாளே பார்த்து, அன்றிரவே விமர்சனம் எழுதிவிடுவேன். இந்த வாரம் பார்த்த படத்துக்கு, ‘ஒரே இருட்டு, வசனம் புரியவில்லை, எடிட்டிங் லேக்’ என்று எழுதினேன். வேறு தியேட்டரில் பார்த்த நண்பர்கள் சண்டைக்கே வந்துவிட்டார்கள். ஒளிப்பதிவு அருமையாம், வசனமும் தெளிவாம். ஒரே படம் எப்படி இரண்டு விதமாகத் தெரியும்? ஸ்பாய்லர் இல்லாமல் குறை சொல்வது எப்படி என்றும் எழுதுங்கள்.

ஒரு வாசகன்

அன்புள்ள நண்பருக்கு,

இரு தரப்பும் சரியாக இருக்கலாம். படத்தோடு அந்தத் தியேட்டரின் ப்ரொஜெக்டரையும் ஸ்பீக்கரையும் சேர்த்தேதான் பார்த்திருக்கிறீர்கள்.

2டி படத்தில் முழு வெள்ளையின் பிரகாசம் திரையில் 14 ஃபுட்-லாம்பர்ட் (திரையின் பிரகாசத்தை அளக்கும் அலகு) இருக்க வேண்டும் என்பது டிஜிட்டல் சினிமாவின் தரநிலை. நிழலுக்குள் எவ்வளவு தெரிய வேண்டும் என்று கலர் கிரேடிங்கில், அதாவது படத்தின் நிறத்தையும் வெளிச்சத்தையும் சரிசெய்யும் கட்டத்தில், முடிவு செய்வது இந்த அளவை நம்பித்தான். ப்ரொஜெக்டரின் செனான் விளக்கு பழசாகிவிட்டாலோ, 3டிக்கு மாட்டிய ஃபில்டரைக் கழற்றாமல் 2டி படத்தை ஓட்டினாலோ திரை மங்கிவிடும். இரவுக் காட்சியில் முகமே தெரியாது. பகல் காட்சி வரும்போது வெள்ளைச் சட்டையைக் கவனியுங்கள். அதுவும் சாம்பல் பூத்துத் தெரிந்தால் பெரும்பாலும் தியேட்டரின் குறை. வெள்ளை பளிச்சென்று இருந்து இரவுக் காட்சி மட்டும் புரியவில்லையா, தாராளமாக ஒளிப்பதிவைக் கேளுங்கள்.

வசனம் பெரும்பாலும் திரைக்குப் பின்னால் நடுவில் இருக்கும் சென்டர் ஸ்பீக்கரிலிருந்து வருகிறது. அது பழுதானால் இசை கணீரென்று ஒலிக்கும், வசனம் கிணற்றுக்குள் பேசுவது போலக் கேட்கும். ஒலிக்கலவை செய்யும் அரங்கில், சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் டால்பி பிராசசரின் அளவு 7. சத்தம் அதிகம் என்று புகார் வந்ததும் பல தியேட்டர்களில் 5, 4.5 என்று இறக்கிவிடுகிறார்கள்; முதலில் காணாமல் போவது மெல்லப் பேசும் வசனம். ஓரத்தில் சரவுண்ட் ஸ்பீக்கரை ஒட்டி உட்கார்ந்தாலும் இதே கதைதான். எந்தத் தியேட்டர், எந்த இருக்கை என்று விமர்சனத்தில் ஒரு வரி போட்டுவிடுங்கள், பாதி வாக்குவாதம் தீரும்.

‘எடிட்டிங் லேக்’ என்பதுதான் என்னை அதிகம் உறுத்துகிறது, ஏனென்றால் திரைக்கதையின் பழியை இப்படி எடிட்டர் தலையில் கட்டிவிடுகிறோம். உதாரணத்துக்கு ஒரு காட்சி: நாயகனுக்கு வேலை போனது நமக்கு முன்பே தெரியும். அதை அவன் நண்பனிடம் மூன்று நிமிடம் சொல்கிறான். நண்பனுக்கும் தெரிந்த விஷயம்தான். காட்சி முடியும்போது யாரும் எந்த முடிவும் எடுக்கவில்லை, எதுவும் நகரவில்லை. இது திரைக்கதையின் குறை. எவ்வளவு நறுக்கினாலும் சரியாகாது, காட்சியையே தூக்க வேண்டும். அதே காட்சியில் நண்பனுக்கு அப்போதுதான் விஷயம் தெரிகிறது, முகம் மாறுகிறது, ஆனால் அதன் பிறகும் எழுந்து போகிறவனின் முதுகையே கேமரா பார்த்துக்கொண்டிருக்கிறது என்றால், அது எடிட்டிங். அந்த நீளமும் இயக்குநர் கேட்டதாக இருக்கலாம். அதனால் வேலையை விமர்சியுங்கள், ஆளை வேண்டாம்.

ஸ்பாய்லர் விஷயத்தில், கதையின் முதல் சிக்கல் தொடங்கும் வரை சொல்லலாம். அதற்குப் பிறகு வரும் குறைகளில் சம்பவத்தை மறைத்துவிட்டு அது ஏன் எடுபடவில்லை என்று எழுதுங்கள். ‘அண்ணன் துரோகம் செய்வதை நம்ப முடியவில்லை’ என்றால் படம் போச்சு. ‘ஒரு பாத்திரத்தின் திடீர் மாற்றத்துக்கு முன்னால் எந்தத் தடயமும் இல்லை’ என்றால் குறையும் புரியும், படமும் பிழைக்கும். ‘கடைசியில் ட்விஸ்ட்’ என்பதுகூட ஸ்பாய்லர்தான். படிப்பவர் அதற்காகவே காத்திருப்பார்.

போனில் குறிப்பெடுக்காதீர்கள், பின்வரிசைக்காரர் கண்ணில் அடிக்கும். சின்ன நோட்டும் பென்சிலும் போதும், காட்சிக்கு இரண்டு சொல்: ‘மருத்துவமனை, இசை நின்றது’ என்பது போல. மற்றவர் கருத்தைப் படிப்பதற்கு முன்பே அதை விரித்து எழுதிவிடுங்கள்.

முடிந்தால் இந்தப் படத்தை நண்பர்கள் பார்த்த தியேட்டரில் இன்னொரு முறை பாருங்கள். இருட்டும் வசனமும் சரியாக இருந்தால் அந்த இரண்டு வரிகளைத் திருத்தி, திருத்தியதையும் குறிப்பிடுங்கள். லேக் அப்போதும் இருந்தால் எந்தக் காட்சி, எந்த இடத்திலிருந்து என்று எழுதுங்கள்.