‘ஹூம்’ போனாலும் கமா போகாது

கேள்வி: அலுவலக மின்னஞ்சலில் ‘ஹூ ஷுட் ஐ சென்ட் திஸ் டு?’ என்று எழுதினேன். ‘டு ஹூம்’ என்று தொடங்க வேண்டும் என்று மேலாளர் திருத்தினார். வங்கித் தேர்வுக்குப் படிக்கும் தம்பியோ, ஆங்கிலம் மாறிவிட்டது, இலக்கணமே இனி வேண்டாம் என்கிறான். யார் சொல்வது சரி?

பதில்: உங்கள் வாக்கியத்தில் பிழை இல்லை. வாக்கியத்தை ‘டு’ போன்ற பிரிபொசிஷனில் முடிக்கக் கூடாது என்பது மக்கள் பேச்சில் பிறந்த விதி அல்ல. 1672இல் கவிஞர் ஜான் டிரைடன், பென் ஜான்சனின் நாடக வரியில் இதைக் குறையாகச் சொன்னார். 1762இல் இலக்கணம் எழுதிய ராபர்ட் லோத், பேச்சுக்கு இது இயல்பு, உயர்நடைக்கு மற்றது அழகு என்ற அளவில்தான் நின்றார். பின்னால் வந்தவர்கள் அதைத் தடையாகவே இறுக்கிவிட்டார்கள். ஒருவரைக் குறிக்க, ‘அவர்கள்’ என்று பொருள்படும் ‘தே’ போடுவதும் 14ஆம் நூற்றாண்டிலிருந்தே உள்ள வழக்கம்.

அதற்காகத் தம்பியின் பக்கம் சாய மாட்டேன். பொருளைத் தாங்கும் விதிகளைத் தொட்டால் விலை கொடுக்க வேண்டிவரும். அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில், எந்தெந்த வேலைக்கு ஓவர்டைம் கிடையாது என்று ஒரு சட்டம் பட்டியலிட்டது. பட்டியலின் கடைசியில் ‘பேக்கிங் ஃபார் ஷிப்மென்ட் ஆர் டிஸ்ட்ரிப்யூஷன்’. ‘ஆர்’ முன்னால் கமா இல்லை. அப்படியானால் விலக்கு பேக்கிங்குக்கு மட்டுமா, சரக்கை எடுத்துச் செல்லும் டிஸ்ட்ரிப்யூஷனுக்கும் சேர்த்தா? ஓக்ஹர்ஸ்ட் பால் நிறுவனத்தின் ஓட்டுநர்கள் வழக்குப் போட்டார்கள். 2017இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் அவர்கள் பக்கம் நின்றது. மறு ஆண்டு 50 லட்சம் டாலருக்கு வழக்கு சமரசமானது.

நம்மவர் கடிதங்களில் நான் அதிகம் திருத்துவது ‘ஐ ஹேவ் சென்ட் த ஃபைல் எஸ்டர்டே’. தமிழில் ‘நேற்றே அனுப்பியிருக்கிறேன்’ என்பது சரி. அதை அப்படியே ஆங்கிலத்தில் ஏற்றிவிடுகிறோம். ‘எஸ்டர்டே’ என்று நாளைச் சொன்னால் ‘ஐ சென்ட்’ மட்டும் போதும். நாள் சொல்லாமல், அனுப்பியாயிற்று, பாருங்கள் என்ற பொருளில் எழுதினால் ‘ஐ ஹேவ் சென்ட்’.

சக ஊழியருக்கு எழுதும்போது உங்கள் பழைய வாக்கியமே இருக்கட்டும். மேலாளர் கையெழுத்தோடு வெளியே போகும் கடிதமானால் அவர் விருப்பப்படி ‘டு ஹூம்’ போட்டுவிடுங்கள். தம்பியின் தேர்வில் பிழை காணும் கேள்விகள் வரும். வினைச்சொல்லின் காலத்திலிருந்தும், எழுவாய்க்கேற்ற வினையிலிருந்தும் தொடங்கச் சொல்லுங்கள்.