42 வயதில் தையல் தொடங்கலாமா? டெய்லரிங், ஆரி, குரோஷா இதில் எதை முதலில் கற்றுக்கொள்வது?

கேள்வி கேட்டவர் எழுதியிருப்பது இது: வயது 42, வீடு கொடுங்கையூர் பக்கம். வெளிநாட்டு ஃபேஷன் போட்டிகளைப் பார்த்துப் பார்த்துத் தையல் மீது ஆசை வந்துவிட்டது. இந்த வயதில் கை வருமா, டெய்லரிங், ஆரி எம்பிராய்டரி, குரோஷாப் பின்னல் இதில் எதில் தொடங்குவது, நாலு பேருக்கு உதவியாகவும் ஏதாவது செய்ய முடியுமா என்று கேட்கிறார்.

தாராளமாகத் தொடங்கலாம். நான் தண்டையார்பேட்டையில் 23 வருடமாக வீட்டிலேயே மிஷின் போட்டுத் தைக்கிறேன். என்னிடம் பழகி நன்றாக வந்தவர்களில் பாதிப்பேர் நாற்பதைத் தாண்டி வந்தவர்கள். பிளவுஸ் எங்கே பிடிக்கும், எங்கே தூக்கும் என்பது அவர்களுக்குச் சொந்த உடம்பிலேயே தெரிந்திருக்கும். இருபது வயதுப் பிள்ளைகளுக்கு அதைச் சொல்லிப் புரியவைக்க நாளாகும். ஒரு வேலை மட்டும் முன்கூட்டியே முடித்துவிடுங்கள். கண் டாக்டரிடம் போய் வெள்ளெழுத்து இருக்கிறதா என்று பாருங்கள். ஊசியில் நூல் கோக்க முடியாமல், தனக்குத் தையல் வராது என்று தானே முடிவு கட்டி விட்டுப்போனவர்கள் உண்டு. அவர்களுக்குத் தேவைப்பட்டது கண்ணாடிதான்.

பிபிசியின் ‘தி கிரேட் பிரிட்டிஷ் சூயிங் பீ’ போட்டி 2013ல் ஆரம்பித்தபோது முதல் பட்டத்தை வாங்கிய ஆன் ரவ்லிக்கு 80 வயதுக்கு மேல். அவர் சின்ன வயதிலிருந்தே தைத்தவர்தான். ஆனாலும் அந்த வயதில் அந்தக் கை எவ்வளவு நிதானமாக ஓடியது என்று பார்க்கும்போது எனக்குப் பெரிய தெம்பு வந்தது.

போட்டிகள் பார்ப்பதை நிறுத்தாதீர்கள். எதைப் பார்ப்பது என்று மட்டும் தெரிந்துகொள்ளுங்கள். அமெரிக்காவில் 2004ல் வந்த ‘ப்ராஜெக்ட் ரன்வே’யின் முதல் சவாலே மளிகைக் கடைச் சாமான்களில் உடுப்பு செய்வது. ஆஸ்டின் ஸ்கார்லெட் என்பவர் சோளக்கதிரின் மேல்மட்டையில் ஒரு கவுன் செய்து அதில் ஜெயித்தார். அந்தக் கற்பனையை நான் மனதாரப் பாராட்டுகிறேன். அதே நிகழ்ச்சியின் மூன்றாவது சீசனில் போட்டியாளர்களுடைய அம்மா, அக்காமார்களை வரவழைத்து, ஒருவர் வீட்டு ஆளுக்கு இன்னொருவர் தைக்கச் சொன்னார்கள். வாராவாரம் மாடல் பெண்களுக்குத் தைத்து அசத்தியவர்களில் சிலர் அங்கே தடுமாறினார்கள். வயிறு இருக்கிறது, தோள் இறங்கியிருக்கிறது, இவரிடம் எந்தத் துணி எப்படி விழும் என்று கணக்குப் போட வேண்டியிருக்கிறது. தையல் ஆரம்பிப்பதே அந்த இடத்தில்தான்.

சூயிங் பீயில் வழக்கமாக மூன்று சுற்று இருக்கும். பேட்டர்ன் பார்த்துத் தைப்பது ஒன்று, பழைய உடுப்பை வேறொன்றாக மாற்றுவது ஒன்று, ஒரு ஆளை நிறுத்தி அவருக்கே அளவாகத் தைப்பது ஒன்று. கடைசிச் சுற்றைத் தவறவிடாதீர்கள். நடுவர்கள் முதுகில் துணி எங்கே இழுக்கிறது, கைக்குழியில் எங்கே சுருங்குகிறது என்று விரல் வைத்துக் காட்டுவார்கள். போனில் நிறுத்தி நிறுத்திப் பாருங்கள்.

இந்தப் போட்டிகளில் அவ்வளவாகக் கண்ணில் படாத வேலை ஒன்று உண்டு, பிரிப்பது. கடிகாரம் ஓடும்போது பிரித்துக்கொண்டிருக்க யாருக்கும் நேரமில்லை. என் வேலை நேரத்தில் கால்வாசி பிரிப்பதற்கே போகிறது. எங்கள் மாமா காசிமேட்டில் வலை பின்னுவார். ஏப்ரல் 15லிருந்து ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். படகெல்லாம் கரையில் நிற்கும்போது வலைகளைப் பழுது பார்ப்பார்கள். சின்ன வயதில் அவர் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்திருக்கிறேன். வலையில் ஒரு ஓட்டை இருந்தால் உடனே பின்ன ஆரம்பிக்க மாட்டார். முதலில் கத்தியை எடுத்து அந்த ஓட்டையை இன்னும் பெரிதாக அறுப்பார். “பிஞ்ச நூல விட்டுட்டு மேல பின்னினா அடுத்த நாளே புட்டுக்கும்மா, நல்ல முடிச்சு வர்ற வரைக்கும் அறுக்கணும்” என்பார். பிளவுஸில் தோள் இழுக்கிறது என்று யாராவது சொன்னால் எனக்கு இன்றும் அதுதான் நினைவுக்கு வரும். தோளில் ஒரு பிடி பிடித்துக் கொடுத்தால் ஐந்து நிமிடத்தில் முடிந்துவிடும், ஆனால் தவறு கைக்குழியில் இருக்கும். கையைக் கழற்றினால்தான் சரியாகும்.

சரி, எதிலிருந்து தொடங்குவது? மிஷினிலிருந்து. முதல் வாரம் நூல் கோக்காமல், கோடு போட்ட நோட்டுத் தாளை வைத்து ஓட்டுங்கள். ஊசி போட்ட ஓட்டை கோட்டின் மேலேயே வரவேண்டும். கால் மிதிப்பும் கையும் ஒன்று சேர்வதற்கு இதைவிட நல்ல வழி எனக்குத் தெரியாது. தாளில் ஓட்டிய ஊசி மழுங்கிவிடும், துணிக்கு வேறு ஊசி மாற்றிக்கொள்ளுங்கள். கூடவே கைவேலை: ஓட்டுத் தையல், ஹெம்மிங், காஜா என்கிற பட்டன் ஓட்டை, கொக்கி வைப்பது. அப்புறம் உங்களுக்கே ஒரு உள்பாவாடை. பாப்ளின் துணியை முதல் நாள் ராத்திரி தண்ணீரில் நனைத்துக் காயப்போட்டு, சுருங்கவேண்டியதெல்லாம் சுருங்கிய பிறகு வெட்டுங்கள். லைனிங் துணிக்கும் இதே விதி. இதைச் செய்யாமல் தைத்த பிளவுஸ் முதல் சலவையிலேயே கைக்குழியில் பிடிக்கும்.

உங்களுக்குத் துணி வாங்குவது கஷ்டமில்லை. பழைய வண்ணாரப்பேட்டை எம்.சி. ரோடு பக்கத்தில், மொத்தமாக வேண்டுமென்றால் பாரிமுனையில் கோடவுன் தெரு, லேஸ், பட்டன், மணி எல்லாம் சவுகார்பேட்டைச் சந்துகளில். நம் பகுதி வந்ததே துணியை வைத்துத்தான். கிழக்கிந்தியக் கம்பெனி வாங்கிய துணிகளை வெளுத்தவர்கள் இருந்த இடம் வண்ணாரப்பேட்டை. கவர்னர் ஜோசப் காலெட் காலத்தில் நெசவாளர்களைக் குடிவைத்த இடம் காலெட்பேட்டை, அதுதான் இன்றைக்குத் திருவொற்றியூரில் நாம் சொல்லும் காலடிப்பேட்டை. அந்தப் பக்கம் பஸ்ஸில் போகும்போதெல்லாம் எனக்கு அது மனதில் ஓடும்.

ஆரியைக் கொஞ்சம் தள்ளிவைக்கச் சொல்வேன். கல்யாண பிளவுஸ் ஆர்டரில் வருமானம் உண்மைதான். ஆனால் ஃப்ரேம் முன்னால் மணிக்கணக்கில் குனிந்து உட்கார வேண்டும், கழுத்தும் கண்ணும் கேட்கும். தவிர, சரியாக உட்காராத பிளவுஸில் எவ்வளவு ஜர்தோசி ஜரிகை வேலை செய்தாலும் அதைப் போடுபவருக்கு நிம்மதி இருக்காது. முதலில் பிளவுஸ், பிறகு அதன் மேல் ஆரி.

குரோஷாவை மிஷினோடு சேர்த்தே ஆரம்பிக்கலாம். ஒரு ஊசி, ஒரு நூல்கண்டு போதும். கரண்ட் போனால்கூட வேலை நடக்கும். சென்னையில் 2016ல் ‘மதர் இந்தியாஸ் குரோஷே குவீன்ஸ்’ என்ற பெண்கள் குழு, ஆளுக்குக் கொஞ்சமாகப் பின்னியதை இணைத்து 11,148.5 சதுர மீட்டருக்கு ஒரே போர்வையாக்கிக் கின்னஸ் சாதனை செய்தது. அதைத் திரும்பப் பிரித்துத் தனித்தனிப் போர்வைகளாக இல்லாதவர்களுக்குக் கொடுத்தார்கள். எனக்கு அந்தச் சாதனையைவிட, பிரித்துக் கொடுத்த பகுதிதான் ரொம்பப் பிடிக்கும்.

உதவியாகச் செய்ய விரும்புகிறேன் என்கிறீர்கள். முதலில் போய்க் கேளுங்கள், அப்புறம் பின்னுங்கள். குறைமாதக் குழந்தைகளுக்குக் குரோஷாவில் ஆக்டோபஸ் பொம்மை பின்னிக் கொடுக்கும் வழக்கம் 2013ல் டென்மார்க்கில் தொடங்கி உலகம் முழுக்கப் பரவியது. அதன் கால்கள் தொப்புள்கொடி மாதிரி இருப்பதால் குழந்தை ட்யூபைப் பிடித்து இழுக்காமல் இதைப் பிடித்துக்கொள்ளும் என்று சொல்கிறார்கள். கால் 22 சென்டிமீட்டருக்கு மேல் போகக்கூடாது, முழுப் பருத்தி நூல், 60 டிகிரி வெந்நீரில் துவைக்கத் தாங்க வேண்டும் என்று விதிகள் உண்டு. பலன் உண்டு என்பதற்கு உறுதியான மருத்துவ ஆதாரம் கிடையாது. எனக்குத் தெரியாத நாளில் ஆறு பொம்மை பின்னி எடுத்துக்கொண்டு ஒரு மகப்பேறு மருத்துவமனைக்குப் போனேன். அங்கிருந்த சிஸ்டர் அன்பாகத்தான் பேசினார். “உள்ள பொம்மை வைக்க முடியாதும்மா, கிருமி சேரும். உங்களால முடிஞ்சா முன்பக்கம் கட்டற மாதிரி ஜப்லா தைச்சுக் குடுங்க, சின்ன சைஸ்ல. கடையில கிடைக்கறது எல்லாம் இந்தப் புள்ளைங்களுக்குப் பெருசா இருக்கு” என்றார். அன்றிலிருந்து மல் துணியில் ஜப்லா தைத்துக் கொடுக்கிறேன். தையலெல்லாம் வெளிப்பக்கம் வருகிற மாதிரி, பட்டன் இல்லாமல் நாடா வைத்து. இதை நீங்கள் இரண்டாவது மாதத்திலேயே செய்யலாம்.

குரோஷா எனக்கு உண்மையில் கைகொடுத்தது வேறொரு இடத்தில். எங்கள் தெருவில் ஒரு அக்கா. பத்து வருடமாக என்னிடம்தான் தைப்பார். அளவு சொல்லவே மாட்டார். நம் பக்கத்தில் எல்லோரும் செய்கிற மாதிரி, சரியாக உட்காரும் ஒரு பழைய பிளவுஸை ‘அளவு பிளவுஸ்’ என்று புதுத் துணியோடு சுருட்டிக் கொடுத்துவிட்டுப் போவார். மார்பகப் புற்றுநோய் வந்து ஒரு பக்கம் முழுவதும் எடுத்துவிட்டார்கள். ஆறேழு மாதம் கழித்து, நாத்தனார் மகள் கல்யாணத்துக்காக ஒரு பட்டுப்புடவை பிளவுஸ் துணியோடு வந்தார். கையில் அதே பழைய அளவு பிளவுஸ். கொடுக்க வந்தவர் கொடுக்காமல் மடியில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார். “இது இனிமே அளவு இல்ல இல்லம்மா? நைட்டியே போதும்னு நினைச்சேன், கல்யாணத்துக்கு நைட்டியில போக முடியாதே” என்றார்.

முதல் பிளவுஸில் ஒரு பக்கம் பஞ்சு வைத்துத் தைத்தேன். அரை மணி நேரத்தில் பஞ்சு கழுத்துப் பக்கம் ஏறிவிட்டது. இரண்டாவதில் கைக்குழி இறுக்கம். அக்குளில் நெறிக்கட்டி எடுத்தவர்களுக்கு அந்தக் கை வீங்கும் வாய்ப்பு உண்டு, அந்தப் பக்கம் இறுக்கமே கூடாது என்று அப்போதுதான் தெரிந்துகொண்டேன். மூன்றாவதில் தழும்பின் மேல் தையல் உரசியது. மூன்றையும் பிரித்தேன்.

நடுவில் என் மகள்தான் தேடிக் காட்டினாள். பருத்தி நூலில் மார்பக வடிவம் பின்னி, உள்ளே பாலியஸ்டர் பஞ்சு வைத்து, இலவசமாகக் கொடுக்கும் குழுக்கள் இருக்கின்றன. அமெரிக்காவில் ‘நிட்டட் நாக்கர்ஸ்’, மும்பையில் ‘சாய்ஷா’. சிலிக்கானில் செய்தது ஆயிரக்கணக்கில் விலை, கனம், நம் ஊர் வெயிலில் வியர்வைக்கு ஒட்டும். நூலில் பின்னியது லேசு, கையாலேயே துவைத்துக் காயப்போடலாம். காயம் முழுக்க ஆறி, டாக்டர் சரி என்ற பிறகு போட வேண்டும்.

குரோஷாவில் வட்டம் பின்னும் கணக்கு சுலபம். 6 தையலில் ஆரம்பித்து ஒவ்வொரு சுற்றுக்கும் 6 கூட்டினால், 12, 18, 24 என்று தட்டையாக விரியும். கூட்டுவதை நிறுத்தினால் ஓரம் எழும்பிக் கிண்ணமாகும். இதைப் பின்னும்போது எனக்குச் சட்டென்று பிடிபட்டது, பிளவுஸில் துணியை மடித்துக் கூராகத் தைக்கிற டாட் பிடிப்பதும் இதே வேலைதான். ஓரத்தில் துணியைக் குறைத்தால் நடுவில் குழிவு வரும். இத்தனை வருடம் அளவு பிளவுஸைப் பார்த்து டாட் போட்டவள், அன்றைக்குத்தான் அது ஏன் அங்கே இருக்கிறது என்று புரிந்து போட்டேன்.

நான்காவது பிளவுஸில் லைனிங் உள்ளே மெல்லிய மல் துணியில் ஒரு பை வைத்தேன், பின்னிய வடிவம் ஏறாமல் அதற்குள் உட்காரும். அந்தப் பக்கம் கைக்குழியை ஒரு விரல் தளர்த்தி, கழுத்தை அரை இன்ச் ஏற்றி, தழும்பு வரும் இடத்தில் தையலே வராதபடி அந்தப் பக்கத்து முன்துணியை ஒரே துண்டாக வெட்டினேன். இரண்டு முன்பக்கமும் வேறு வேறு அளவு. போட்டுப் பார்த்துவிட்டுக் கண்ணாடி முன்னால் பக்கவாட்டில் திரும்பி நின்றார். முந்தானையைத் தோளில் போட்டார், எடுத்தார், திரும்பப் போட்டார். கூலி எவ்வளவு என்று கேட்டார். நான் வாங்கவில்லை, அவரும் விடவில்லை, கடைசியில் கல்யாண வீட்டு லட்டு வந்து சேர்ந்தது.

அதற்குப் பிறகு பதினோரு பேருக்குப் பின்னிக் கொடுத்திருக்கிறேன். உங்களுக்கு வட்டம் தட்டையாக வர ஆரம்பித்ததும் எழுதுங்கள், அடுத்ததை நாம் சேர்ந்தே பின்னலாம். அக்கா போன தீபாவளிக்கும் துணி கொடுத்தார். கூடச் சுருட்டி வைத்திருந்த அளவு பிளவுஸ், அந்த நான்காவது பிளவுஸ்.