அழிய மறுக்கும் ஸ்னாப்ஷாட்கள்: வாசகர் கேள்விகளுக்குப் பதில்

கேள்வி: எங்கள் ஃபைல் சர்வர் இசட்எஃப்எஸ் (ZFS) என்ற ஃபைல் சிஸ்டத்தில் ஓடுகிறது. பழைய ஸ்னாப்ஷாட் (ஒரு நேரத்தில் டேட்டா இருந்த நிலையின் பதிவு) ஒன்றை அழிக்கப் போனால் 'டேட்டாசெட் ஈஸ் பிஸி' என்றே வருகிறது. எங்கேயும் மவுண்ட் ஆகவில்லை. ரீபூட்டும் செய்து பார்த்துவிட்டோம்.

பதில்: ரீபூட்டுக்குப் பிறகும் அதே செய்தி வருகிறது என்பதே நல்ல துப்பு. திறந்து கிடந்த ஃபைல் காரணமாக இருந்தால் ரீபூட்டில் போயிருக்கும். அதனால் முதல் சந்தேகம் ஹோல்ட் மீதுதான். 'இதை அழிக்காதே' என்று ஸ்னாப்ஷாட்டின் மேல் ஒரு டேக் போட்டு வைக்கும் வசதி அது. டிஸ்கிலேயே பதிவாவதால் எத்தனை ரீபூட் ஆனாலும் நிற்கும். 'இசட்எஃப்எஸ் ஹோல்ட்ஸ்' கட்டளைக்கு ஸ்னாப்ஷாட்டின் முழுப் பெயரைக் கொடுங்கள். டேக்கின் பெயரும் போட்ட நேரமும் வரும். பெரும்பாலும் டேட்டாவை இன்னொரு சர்வருக்கு நகலெடுக்கும் ரெப்ளிகேஷன் மென்பொருளின் பெயர்தான் அதில் இருக்கும்.

பார்த்ததும் ஹோல்டை நீக்கும் 'ரிலீஸ்' கட்டளையை அடித்துவிடாதீர்கள். ரெப்ளிகேஷனில் மாற்றங்களை மட்டும் அனுப்ப, அனுப்பும் சர்வர், பெறும் சர்வர் இரண்டுக்கும் பொதுவான ஒரு ஸ்னாப்ஷாட் வேண்டும். நீங்கள் அழிக்க நினைப்பதே அந்தக் கடைசிப் பொது ஸ்னாப்ஷாட்டாக இருந்தால், அடுத்த முறை மொத்த டேட்டாவும் முதலிலிருந்து போக வேண்டியிருக்கும். பல டெராபைட் வைத்திருப்பவர்களுக்கு அது எவ்வளவு பெரிய தொல்லை என்று சொல்லத் தேவையில்லை. ரெப்ளிகேஷன் ஜாப் இன்னும் உயிரோடு இருக்கிறதா, மறுபக்கத்தில் இதைவிடப் புதிய பொது ஸ்னாப்ஷாட் இருக்கிறதா என்று பாருங்கள். அப்படிப் புதியது இல்லை என்றால், அனுப்பும் சர்வரில் முதலில் ஒரு புக்மார்க் (அந்த ஸ்னாப்ஷாட் எடுத்த நேரத்தின் குறி மட்டும்) போடுங்கள். அது ஏறக்குறைய இடமே பிடிக்காது. மறுபக்கத்தில் அந்த ஸ்னாப்ஷாட் இருக்கும்வரை மாற்றங்களை மட்டும் அனுப்ப அது போதும். அப்புறம் ஹோல்டை எடுத்துவிட்டு அழிக்கலாம். அழிக்கும் கட்டளையில் 'மைனஸ் எஃப்' (-f) போட்டு மிரட்டினாலும் ஹோல்ட் அசையாது. 'மைனஸ் டி' போட்டால், கடைசி ஹோல்ட் போனதும் தானாக அழியும்படி குறித்து வைக்கும்.

கேள்வி: எனக்கு வருவது வேறு செய்தி: 'ஸ்னாப்ஷாட் ஹேஸ் டிபென்டன்ட் க்ளோன்ஸ்'. 'மைனஸ் பெரிய ஆர்' போடச் சொல்கிறார்கள். போடலாமா?

பதில்: வேண்டாம். அது ஸ்னாப்ஷாட்டோடு அதிலிருந்து எடுத்த, எழுதக்கூடிய நகல்களான க்ளோன்களையும் சேர்த்து அழிக்கும். அந்த க்ளோன் ஓடிக்கொண்டிருக்கும் ஒரு வர்ச்சுவல் மெஷினின் டிஸ்காகவே இருக்கலாம். வர்ச்சுவல் மெஷின்களை ஓட்டும் ப்ராக்ஸ்மாக்ஸில் டெம்ப்ளேட்டிலிருந்து லிங்க்டு க்ளோன் எடுத்தவர்களுக்கு இது அடிக்கடி வரும். ஸ்னாப்ஷாட்டின் 'க்ளோன்ஸ்' பண்பைப் படித்தால் யார் தொங்குகிறார்கள் என்று தெரியும். க்ளோன் வேண்டும், மூல டேட்டாசெட் (ஸ்னாப்ஷாட் எடுக்கப்பட்ட இடம்) வேண்டாம் என்றால் 'ப்ரமோட்' செய்யுங்கள். ஸ்னாப்ஷாட் க்ளோன் பக்கம் மாறிவிடும். மூல டேட்டாசெட்டை நிம்மதியாக நீக்கலாம்.

கேள்வி: நிறைய ஸ்னாப்ஷாட்களை அழித்தும் இடம் கூடவே இல்லையே?

பதில்: ஸ்னாப்ஷாட் பட்டியலின் 'யூஸ்டு' பத்தியில் தெரிவது அந்த ஒரு ஸ்னாப்ஷாட்டுக்கு மட்டுமே சொந்தமான இடம். இரண்டு ஸ்னாப்ஷாட்கள் பகிரும் பிளாக்குகள் எதன் கணக்கிலும் வராது. இரண்டும் போனால்தான் விடுபடும். அழிக்கும் முன், அழிக்கும் கட்டளையையே 'மைனஸ் என்வி'யோடு (-nv), முதல் பெயருக்கும் கடைசிப் பெயருக்கும் நடுவே சதவீதக் குறி போட்டு ஓட்டிப் பாருங்கள். எதையும் தொடாமல், எவ்வளவு இடம் திரும்பும் என்று சொல்லிவிடும். பெரிய அழிப்பு பின்னணியில் நடப்பதால், பூலின் (டிஸ்குகளின் தொகுப்பு) 'ஃப்ரீயிங்' எண் பூஜ்யம் ஆகும்வரை பொறுங்கள்.

கேள்வி: பிடிஆர்எஃப்எஸ் (Btrfs) என்ற இன்னொரு ஃபைல் சிஸ்டத்தின் ஸ்னாப்ஷாட்டை 'ஆர்எம்' கொண்டு அழித்தால் 'ரீட்-ஒன்லி ஃபைல் சிஸ்டம்' என்கிறது. டிஸ்க் கெட்டுவிட்டதா?

பதில்: டிஸ்குக்கு ஒன்றுமில்லை, ஸ்னாப்ஷாட்தான் ரீட்-ஒன்லியாக எடுக்கப்பட்டிருக்கிறது. 'பிடிஆர்எஃப்எஸ் சப்வால்யூம் டெலீட்' பயன்படுத்துங்கள். 'டைரக்டரி நாட் எம்ப்டி' என்று வந்தால் உள்ளே இன்னொரு சப்வால்யூம் (தனியாக ஸ்னாப்ஷாட் எடுக்கக்கூடிய பகுதி) இருக்கிறது. அதை முதலில் நீக்குங்கள். இங்கேயும் இடம் மெதுவாகத்தான் திரும்பும்.

கேள்வி: விண்டோஸ் சர்வரில் 'விஎஸ்எஸ்அட்மின்' கட்டளை ஷேடோ காப்பியை (விண்டோஸின் ஸ்னாப்ஷாட்) அழிக்க மறுக்கிறது. 'அவுட்சைட் ஆஃப் யுவர் அலவ்டு கான்டெக்ஸ்ட்' என்கிறது.

பதில்: அதை உருவாக்கியது வேறொரு பேக்கப் மென்பொருள். அதன் வழியாகவே நீக்குவதுதான் முறை. அந்த மென்பொருளே இப்போது இல்லை என்றால் 'டிஸ்க்ஷேடோ' கருவியில் ஷேடோவின் ஐடியைக் கொடுத்து அந்த ஒன்றை மட்டும் அழிக்கலாம். ஷேடோ ஸ்டோரேஜின் அளவைச் சுருக்கினாலும் பழையவை போய்விடும். ஆனால் எவை போகும் என்று நீங்கள் தேர்ந்தெடுக்க முடியாது. உங்களுக்கு வேண்டியதும் அதோடு போகலாம். இன்னொன்று, ரான்சம்வேர் உள்ளே நுழைந்ததும் செய்யும் வேலைகளில் ஷேடோ காப்பிகளை அழிப்பதும் ஒன்று. அதனால் நீங்கள் அழிக்கும்போது பாதுகாப்பு மென்பொருள் தடுக்கலாம், அலாரமும் அடிக்கலாம். செக்யூரிட்டி குழுவிடம் முன்கூட்டியே நேரத்தைச் சொல்லிவிட்டுச் செய்யுங்கள்.