அந்த ஊசி வேண்டாம்

ஐயா, எனக்கு 43 வயது. ஒரு வருடமாக ஓயாத களைப்பு, மனைவியிடம் நாட்டமே இல்லை. நான் அவளை வெறுத்துவிட்டதாக நினைத்து அழுகிறாள். மாலையில் செய்த குருதிப் பரிசோதனையில் ஆண் ஹோர்மோனான டெஸ்டோஸ்டிரோன் குறைவு என்று வந்தது. உடற்பயிற்சி நிலையத்தில் ஒருவர் அந்த ஹோர்மோன் ஊசி மருந்தைத் தந்திருக்கிறார். இரண்டாவது பிள்ளைக்கும் ஆசைப்படுகிறோம். போட்டுக்கொள்ளலாமா?
– வாசகர், வெள்ளவத்தை

அன்புள்ள தம்பிக்கு,

வேண்டாம். அந்த மருந்தைத் தொடாதீர்கள். பிள்ளைக்கு ஆசைப்படுவதாக ஒரு வரி எழுதியிருக்கிறீர்களே, அதைப் படித்ததும் பதறிப்போனேன். டெஸ்டோஸ்டிரோன் வெளியிலிருந்து வந்து சேர்ந்தால், மூளையின் அடியிலுள்ள பிட்யூட்டரிச் சுரப்பி, விந்தணு உண்டாகும் விதைகளுக்கு அனுப்பும் கட்டளையை நிறுத்திக்கொள்ளும். விந்தணு உற்பத்தி சரியும். சிலருக்கு அடியோடு நின்றுபோகும். ஊசியை விட்ட பிறகும் அது மீளப் பல மாதங்கள் பிடிக்கும். பிள்ளை வேண்டும் என்பவர் கையில் இதைக் கொடுப்பது கொடுமை.

மாலைப் பரிசோதனையை நம்பவேண்டாம். இந்த ஹோர்மோன் காலையில்தான் உச்சத்தில் இருக்கும். 7 மணிக்கும் 10 மணிக்கும் இடையில், வெறும் வயிற்றில், வெவ்வேறு இரண்டு நாட்கள் பார்க்கவேண்டும். எனக்கும் இது நடந்தது. வேலை முடிந்து, கொழும்புக் காலி வீதி நெரிசலில் பஸ்ஸில் நின்று வந்து கொடுத்த குருதியில் குறைவு என்றார்கள். தேநீர்கூடக் குடிக்காமல் இரண்டு காலைகள் போய்க் கொடுத்தேன். அளவு சரியாகவே இருந்தது. என்னை வாட்டியது வேறொன்று: தூக்கத்தில் மூச்சு நின்று நின்று வந்திருக்கிறது. குறட்டை திடீரென்று அடங்கும்போதெல்லாம் மனைவி பயந்து என் மார்பில் கை வைத்துப் பார்ப்பாளாம்.

களைப்பை மட்டும் வைத்து எதையும் சொல்ல முடியாது. நீரிழிவிலும் தைரொயிட் கோளாறிலும் மனச்சோர்விலும் அது வரும். உண்மையான குறைவென்றால் காலையில் ஆணுறுப்பு விறைப்பது அற்றுப்போகலாம். தாடி வளர்வது மந்தமாகலாம், தசை வற்றலாம், மார்பு பருத்து நோகலாம். இவற்றில் எது இருந்தாலும் கூச்சப்படாமல் வைத்தியரிடம் சொல்லுங்கள். ஏன் குறைந்தது என்று அவர் தேடுவார். உடல் பருமன் காரணமென்றால் எடை இறங்க அளவும் ஏறும். பிட்யூட்டரியில் கட்டி இருந்தால் மருத்துவமே வேறு. பிள்ளை வேண்டுமென்பதை முதலிலேயே சொல்லிவிடுங்கள். விதைகளையே தூண்டிச் சுரக்கவைக்கும் மருந்துகளும் உண்டு.

எனக்கு எழுதியதை இன்றிரவே மனைவியிடம் சொல்லுங்கள். வெறுப்பென்று நினைத்து அவர் இன்னொரு நாள் அழவேண்டாம். வைத்தியரிடம் அவரையும் அழைத்துப் போங்கள். நீங்கள் எப்படித் தூங்குகிறீர்கள் என்பது அவருக்குத்தான் தெரியும்.