அப்பப்பாவின் பதக்கத்துக்கு என்ன விலை சொல்லலாம்?

வீட்டில் கிடக்கும் பழைய படைப் பொருட்களைப் பற்றி இந்த முறை ஐந்து கடிதங்கள் வந்திருக்கின்றன. வீடு திருத்தும்போதும் காணி பிரிக்கும்போதும் றங்குப் பெட்டிகள் திறபடும் காலம் இது. ஐந்துக்கும் பதில் தந்திருக்கிறேன்.

கேள்வி (கோண்டாவில்): எங்கள் அப்பப்பா இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் இலங்கைப் பாதுகாப்புப் படையில் இருந்தவர். அவருடைய பெட்டியில் இரண்டு வட்டப் பதக்கங்கள், ஒரு சின்ன மட்டைப் பெட்டி, அச்சடித்த ஒரு துண்டுச் சீட்டு, சீருடையோடு ஒரு படம் இருக்கின்றன. பழைய சாமான் வாங்க வந்தவர் பதக்கங்கள் வெள்ளி என்று சொல்லி, இரண்டையும் 6,000 ரூபாவுக்குக் கேட்கிறார். கடதாசியும் மட்டையும் தனக்கு வேண்டாமாம். கொடுக்கலாமா?

பதில்: இப்போதைக்குக் கொடுக்க வேண்டாம். முதலில் பதக்கங்களைத் திருப்பிப் பாருங்கள். ஒன்றில் சிங்கம் ஒரு டிராகனின் மேல் நின்று, 1939 - 1945 என்று இருந்தால் அது போர்ப் பதக்கம். மற்றதில் ஓக் மரக்கன்றின் மேல் முடியும் இருபுறமும் சிங்கங்களும் இருந்தால் அது பாதுகாப்புப் பதக்கம். இரண்டும் பொதுவாகச் செம்பும் நிக்கலும் கலந்த உலோகத்தில் அடித்தவை. பார்வைக்கு வெள்ளி போலத்தான் இருக்கும். முதலாம் உலகப் போரின் பிரித்தானியப் போர்ப் பதக்கம்தான் வெள்ளி. ஆகவே வந்தவருக்கு விஷயம் தெரியவில்லை, அல்லது உங்களுக்குத் தெரியாது என்று நினைத்திருக்கிறார்.

இனி முக்கியமான விஷயம். இந்த இரண்டு பதக்கங்களும் இலட்சக் கணக்கில் வழங்கப்பட்டவை, பெரும்பாலானவற்றின் விளிம்பில் பெயர் கிடையாது. உங்கள் அப்பப்பாவின் பதக்கத்தையும் லண்டனில் யாரோ ஒருவருடைய பதக்கத்தையும் ஒரு தட்டில் போட்டால் பிரித்து எடுக்க முடியாது. அது அவருடையதுதான் என்று சொல்லும் சாட்சி அந்தத் துண்டுச் சீட்டும், முகவரி எழுதிய மட்டைப் பெட்டியும், படமும்தான். உண்மையான சேகரிப்பாளர் முதலில் கேட்பதும் அவற்றைத்தான். கடதாசி வேண்டாம் என்று ஒருவர் சொன்னால், அவர் உலோகம் வாங்க வந்தவர்.

பிறகு விற்கத்தான் வேண்டும் என்ற நிலை வந்தால் எல்லாவற்றையும் ஒரே தொகுதியாக விற்று விடுங்கள். பதக்கத்தை ஒருவருக்கும் படத்தை இன்னொருவருக்கும் கொடுக்க வேண்டாம். அதற்கு முன் ஒவ்வொன்றையும் இரு பக்கமும் படமெடுத்து, அப்பப்பாவின் முழுப் பெயர், ஊர், படைப் பிரிவு, இலக்கம் என்று தெரிந்த அளவுக்கு எழுதி வையுங்கள். படத்தின் பின்பக்கம் எழுதுவதென்றால் பென்சிலால் மெதுவாக எழுதுங்கள்.

இன்னொன்று, தயவுசெய்து பதக்கத்தை மினுக்க வேண்டாம். எங்கள் ஒழுங்கையில் ஒரு வீட்டில் ஆச்சி ஒவ்வொரு தைப்பொங்கலுக்கும் குத்துவிளக்கோடு சேர்த்துப் பதக்கத்தையும் புளியும் சாம்பலும் போட்டு மினுக்குவார். நான் பார்த்தபோது பதக்கத்தில் பொறித்த அரசரின் காதும் தலைமயிரும் வழித்தெடுத்தது போல இருந்தன. பட்டி நாடா வெறும் வெள்ளைத் துணியாகிவிட்டது. ஆச்சி அன்பினால் செய்தார். ஆனால் போனது போனதுதான்.

கஞ்சி போடாத பழைய வேட்டித் துண்டில் சுற்றி, சிலிக்கா ஜெல் பொட்டலம் ஒன்றையும் போட்டு, சுவரில் முட்டாமல் அலுமாரியின் மேல்தட்டில் வைத்தால் போதும். எங்கள் உப்புக்காற்றுக்கும் மாரி ஈரத்துக்கும் கறையானுக்கும் நிலத்தோடு இருக்கும் பெட்டி தாங்காது. றப்பர் பாண்ட் போட வேண்டாம், மலிவான பிளாஸ்டிக் உறையும் வேண்டாம். சீட்டை லமினேட் செய்யவே வேண்டாம். பிறப்புச் சான்றிதழ் தொடக்கம் சாதகக் குறிப்பு வரை எல்லாவற்றையும் லமினேட் செய்யும் பழக்கம் நமக்கு இருக்கிறது. சூட்டில் ஒட்டிய அந்தப் பிளாஸ்டிக்கைப் பிறகு கடதாசி கிழியாமல் உரிக்க முடியாது.

கேள்வி (மானிப்பாய்): பேஸ்புக்கில் விளம்பரம் பார்த்து, யாழ் நகரக் கடை ஒன்றில் 1914 - 18 வெள்ளிப் பதக்கம் ஒன்றை 18,000 ரூபாவுக்கு வாங்கினேன். விளிம்பு வெறுமையாக இருக்கிறது. ஏமாந்துவிட்டேனா?

பதில்: அப்படித்தான் தெரிகிறது. அந்தப் பதக்கத்தின் விளிம்பில் பெற்றவரின் பெயர் பொறித்திருக்கும். சாதாரண படைவீரர் என்றால் இலக்கமும் பதவியும் பிரிவும் இருக்கும். வெறும் விளிம்பு என்றால் பெயரை யாரோ அராவியிருக்கலாம், அல்லது அது பிரதியாக இருக்கலாம். விட்டம் 36 மில்லிமீற்றர் வருகிறதா என்று அளந்து பாருங்கள். கஸ்தூரியார் வீதி நகைக்கடைகளில் வெள்ளியா என்று கேட்கலாம், ஆனால் உரைகல்லில் தேய்க்க விடாதீர்கள். மெசினில் வைத்துப் பார்க்கும் கடையைத் தேடுங்கள். பிரதி செய்து விற்பது தவறல்ல. மூலப் பதக்கத்தைப் பத்திரமாக வைத்துவிட்டு பிரதியை அணியும் குடும்பங்கள் நிறைய உண்டு. பிரதி என்பதை மறைத்து விற்பதுதான் தவறு.

பற்றுச்சீட்டு இருக்கிறதா? அதில் 'வெள்ளிப் பதக்கம்' என்று எழுதியிருந்தால் உங்கள் கை பலமானது. முதலில் கடையிலேயே கேளுங்கள். சரிவராவிட்டால் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபைக்கு எழுத்தில் முறையிடலாம், தொலைபேசி 1977. வாங்கி மூன்று மாதங்களுக்குள் முறையிட வேண்டும், ஆகவே பிந்த வேண்டாம். இனி எதை வாங்கினாலும், 'அசல் இல்லையென்றால் பணம் திருப்பித் தரப்படும்' என்று ஒரு வரி எழுதித் தரச் சொல்லுங்கள். எழுதப் பின்நிற்பவரிடம் வாங்காதீர்கள்.

கேள்வி (கரவெட்டி): அம்மப்பா மலாயாவில் கிளாக்கராக இருந்து பென்சனோடு வந்தவர். அவருடைய பெட்டியில் வாழைமரம் போட்ட ஜப்பான் பத்து டொலர் நோட்டுகள் ஒரு கட்டு இருக்கின்றன. ஜப்பான் இவற்றுக்கு இப்போது பணம் கொடுக்கிறதாம். பதிவுக்கு 5,000 ரூபா கட்டச் சொல்கிறார்கள்.

பதில்: கட்ட வேண்டாம், அது ஏமாற்று வேலை. 1945 இல் ஜப்பான் சரணடைந்ததோடு அந்த நோட்டுகள் செல்லாக்காசாகிவிட்டன. சேகரிப்பாளர்களிடமும் சாதாரண நோட்டுக்குப் பெரிய விலை இல்லை, அவ்வளவு அச்சடித்தார்கள். M என்ற எழுத்து மலாயாவைக் குறிக்கும். எழுத்துக்குப் பின்னால் தொடர் இலக்கமும் இருந்தால் அது தொடக்க காலத்து நோட்டு, அதைத் தனியாக எடுத்து வையுங்கள். வடமராட்சியிலும் வலிகாமத்திலும் மலாயாப் பென்சன் காசில் எழும்பிய வீடுகள் எத்தனையோ. மலாயாவை ஜப்பான் பிடித்து வைத்திருந்த மூன்றரை வருடமும் அந்த மனிதர்கள் இந்த நோட்டோடு எப்படிச் சீவித்தார்கள் என்பது அம்மாவுக்கு ஞாபகம் இருந்தால், இன்றைக்கே கேட்டு எழுதுங்கள்.

கேள்வி (சுண்டிக்குளி): பெரியப்பாவுக்கு 88 வயது. 1950களில் றோயல் இலங்கைக் கடற்படையில் சேர்ந்தவர். அவர் கதையைப் பதிவு செய்ய விரும்புகிறோம். கடையில் 85,000 ரூபா ஒலிப்பதிவுக் கருவி எடுக்கச் சொல்கிறார்கள். தேவையா?

பதில்: தேவையில்லை, உங்கள் கைத்தொலைபேசி போதும். மின்விசிறியை நிறுத்துங்கள், அழைப்பு வராமல் போனை 'பிளைட் மோட்'டில் போடுங்கள், அவருடைய வாயிலிருந்து ஒரு முழத் தூரத்தில் மேசையில் துணி விரித்து அதன் மேல் வையுங்கள். முதல் ஐந்து நிமிடம் பதிந்து கேட்டுப் பாருங்கள். 85,000 ரூபாவில் செலவழிக்க விருப்பம் என்றால், நல்ல ஹார்ட் டிஸ்க் ஒன்று வாங்கி, மிச்சத்தில் அவரைப் பழைய நண்பர் ஒருவரிடம் கூட்டிக்கொண்டு போங்கள்.

'உங்கள் சேவையைப் பற்றிச் சொல்லுங்கோ' என்று தொடங்கினால் இரண்டு வரியில் முடித்துவிடுவார். கையில் ஒரு பொருளைக் கொடுங்கள். நான் ஒரு முதியவரிடம் மூன்று பின்னேரம் கதைத்தேன். இரண்டு நாளும் பதவி, திகதி, அதிகாரிகளின் பெயர் தவிர வேறொன்றும் வரவில்லை. மூன்றாம் நாள் அவருடைய மகள் நெளிந்த அலுமினியச் சாப்பாட்டுக் கோப்பை ஒன்றைக் கொண்டுவந்து மடியில் வைத்தார். விரலால் விளிம்பைத் தடவிக்கொண்டிருந்தவர், அதில் பக்கத்துக் கட்டில்காரனின் பெயரும் கீறியிருப்பதைக் காட்டினார். அதிலிருந்து ஒன்றரை மணித்தியாலம் கதைத்தார். அந்தக் கட்டில்காரனைப் பற்றி மகளுக்கே அன்றுவரை தெரியாது.

களைத்தால் நிறுத்துங்கள். சொல்ல விரும்பாததைத் தோண்ட வேண்டாம். யார் யார் கேட்கலாம் என்று அவரிடமே கேட்டு, அதையும் பதிவில் சொல்ல வையுங்கள். பதிவை ஒரே இடத்தில் வைக்காதீர்கள். 1981 இல் பொதுநூலகம் எரிந்த ஊரில் இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை. வீட்டில் ஒன்று, வெளிநாட்டுப் பிள்ளையிடம் ஒன்று. அவர் சம்மதித்தால் நூலக நிறுவனத்துக்கும் ஒன்று கொடுக்கலாம், வாய்மொழி வரலாறுகளையும் அவர்கள் எண்ணிம வடிவில் பாதுகாக்கிறார்கள்.

கேள்வி (பளை): எங்கள் காணியில் வேலி போடக் கிண்டியபோது துருப்பிடித்த சன்னங்களும் செல் கோது ஒன்றும் இலக்கம் பொறித்த தகடு ஒன்றும் வந்தன. கொழும்பிலிருந்து ஒருவர் நல்ல விலை தருவதாகச் சொல்கிறார்.

பதில்: கிண்டுவதை உடனே நிறுத்துங்கள். பக்கத்தில் முகமாலையில் இவ்வளவு காலமாகக் கண்ணிவெடி அகற்றியும் வேலை எவ்வளவு மெதுவாக நகர்கிறது என்று உங்களுக்குத் தெரியும். துருப்பிடித்தது வெடிக்காது என்று யாராலும் உறுதி சொல்ல முடியாது. எதையும் தூக்காமல், மண்ணில் எதையும் குத்தாமல் விலகி, எட்டத்தில் ஒரு அடையாளம் வைத்து, பொலிஸுக்கு அல்லது கிராம சேவகருக்கு அறிவியுங்கள். வெடிபொருளை வைத்திருப்பதும் விற்பதும் சட்டத்தில் மாட்டிவிடும். தடைசெய்யப்பட்ட இயக்கத்தின் சின்னம், சீருடை என்றால் பயங்கரவாதத் தடைச் சட்டம்வரை போகும். விலை சொல்பவர் அப்போது உங்களோடு நிற்கமாட்டார்.

தகட்டைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். அதை விற்காதீர்கள், கொழும்புக்காரருக்குப் படம்கூட அனுப்பாதீர்கள். எந்தத் தரப்புத் தகடாக இருந்தாலும் அது ஒரு ஆளுடைய இலக்கம். அந்த ஆளைத் தேடும் தாய் ஒருத்தி இன்னும் இருக்கலாம். செம்மணி மனிதப் புதைகுழியில் எலும்புகளோடு கிடைத்த பொருட்களை 2025 ஓகஸ்ட்டில் சனத்துக்குக் காட்டினார்கள், யாராவது அடையாளம் காட்டுவார்களா என்று. அங்கே ஒரு நீலப் பள்ளிக்கூடப் பையும் இருந்தது. தகடு ஏற்கனவே உங்கள் கைக்கு வந்துவிட்டதென்றால், அதைக் கழுவாமல், உரசாமல், கிடைத்த இடம், ஆழம், திகதி எழுதிக் கடித உறையில் வைத்து, நம்பிக்கையான சட்டத்தரணி ஒருவரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பொலிஸில் ஒப்படைத்து, ஒப்படைத்ததற்குக் கையெழுத்து வாங்குங்கள். எலும்பு ஏதும் தெரிந்தால் மண்ணைத் திரும்ப மூடவும் வேண்டாம், கிளறவும் வேண்டாம். நீதவான் வரும்வரை அப்படியே இருக்கட்டும்.